இரவு பத்து முதல் காலை ஆறு வரை

நயினார் முகமதுவின் ஆக்கர் கடையில்
ரவுட்டருக்கென்று தனி விலை கிடையாது.
பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காகத் தராசில் போட்டார்.
ஏழு ரவுட்டர், ஒண்ணேகால் கிலோ.
எடைமேடையில் வேலை பார்ப்பவள் நான்,
முள்ளைத்தான் முதலில் பார்த்தேன்.
சரியாக இருந்தது.

லிங்கத்துரை அண்ணாச்சி மாடியில் நெட் இருக்கிறது.
நானூறு மீட்டர் தள்ளி, மேடையில் இல்லை.
ஜல்லி லாரி வந்து நின்றால்
பில் அனுப்பப் போனைத் தூக்கிக்கொண்டு
வேப்பமரத்துக்கும் மேடைக்கும் நடையாய் நடக்கிறேன்.
கம்பெனி தந்த மென்பொருளுக்கு
இன்னொரு ரவுட்டரோடு பேசத் தெரியாது.
லினக்ஸ் ஏற்றினால் பேசும்.
யாரோ எங்கேயோ தூக்கம் கெட்டு எழுதி
காசு கேட்காமல் வைத்துவிட்டுப் போனது.

இடம் மொத்தமே நான்கு எம்பி.
ஒரு கல்யாண போட்டோவுக்குக் காணாது.
படம் போட்ட முகப்பை எடுத்தேன், கறுப்புத் திரை போதும்.
இல்லாத யுஎஸ்பி துளைக்கு எதற்கு டிரைவர், எடுத்தேன்.
இன்னும் பன்னிரண்டு கேபி துருத்திக்கொண்டு நின்றது.
கடைசியாக எதை எடுத்தேனென்று நினைவில்லை,
பையின் ஜிப் மூடிக்கொண்டது.

முதல் ரவுட்டரில் ஏறிக்கொண்டிருக்கும்போது
அறுபத்திரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.
ஆனி மாதம், பணகுடிக் காற்று.
ஜன்னலுக்கு வெளியே கண்ணெட்டிய மட்டும் காற்றாலை,
ஒவ்வொன்றும் வேறு யாருக்கோ சுற்றுகிறது.
கரண்ட் திரும்பியபோது
ஒரே ஒரு சிவப்பு விளக்கு, சிமிட்டாமல்.
"செத்துட்டுல்லா" என்றான் தம்பி
ரொம்ப சந்தோஷமாக.

சாகவில்லை.
மூடியைக் கழற்றினால் வரிசையாக நான்கு துளை,
செய்தவன் தனக்கென்று விட்டுவைத்தது.
தரைக்கு ஒன்று, போக ஒன்று, வர ஒன்று.
நாலாவதைத் தொடக் கூடாது.
ஈயம் உருக்கி ஒட்டினேன், பெருவிரலில் ஒரு சூடு.
திரையில் எழுத்தெழுத்தாக வந்தது:
நான் இருக்கிறேன், சிஸ்டத்தைத்தான் காணோம்.
ஒரு வினாடி தரும்,
அதற்குள் விசையைத் தட்ட வேண்டும்.
பதினோராவது தடவை தட்டினேன்.

ஐந்தாவது ரவுட்டருக்கு
யூசர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின்.
பெட்டியிலிருந்து எடுத்த நாள் முதல் அதேதான்.
அழிப்பதற்கு முன் உள்ளே ஒரு பார்வை பார்ப்பேன்.
டாடி போன். ஹால் டிவி. ஜெரோம் லேப்டாப்.
ரீட்டா போன்.
ரீட்டா போனுக்கு மட்டும் ஒரு விதி இருந்தது:
இரவு பத்து முதல் காலை ஆறு வரை தடை.
ஞாயிறு உட்பட.

இத்தனை பக்கம் தாண்டி உள்ளே போய்
இதைக் கண்டுபிடித்து எழுதிய மனுஷனுக்கு
பாஸ்வேர்டை மாற்றத் தோன்றவில்லை.
எரிச்சலோடு அழிக்கப் போனவள்தான், நின்றேன்.
விதிக்கு இடப்பக்கம் ஒரு சின்னக் கட்டம்.
அதில் டிக் இல்லை.

விதி அப்படியே இருக்கிறது,
எட்டிப் பார்த்தால் டாடிக்குத் தெரியும்படி.
நடப்பில் மட்டும் இல்லை.
எந்த ராத்திரி எடுத்தாளோ அந்த டிக்கை.
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்,
பக்கத்து அறையில் இருமினார்கள்.

அழித்தேன். நகல் ஒன்று எடுத்துவைத்த பிறகுதான்.

இப்போது லாரி மேடையேறி இறங்குவதற்குள்
பில் போய்விடுகிறது.
புதிதாக ஏற்றியதெல்லாம் ஒரே பெயரோடு விழிக்கும்,
எது எதென்று தெரியாது.
மாடியில் இருப்பதற்கு மாடி என்று வைத்தேன்.
மேடையில் இருப்பது ரீட்டா.
"யாரும்மா ரீட்டா?" என்றார் அண்ணாச்சி.
ராத்திரி முழிச்சிருக்க ஆளு என்றேன்.
"சம்பளம் கேப்பாளோ?"

காற்று ஓங்கி அடித்தால் ஆன்டெனா
மகேந்திரகிரிப் பக்கம் முகம் திருப்பிக்கொள்கிறது.
ஏணி போட்டு ஏறித் திருப்பிவிட வேண்டும்.
ஆடி முடியட்டும், கம்பி வைத்து இறுக்கலாம்.
மூன்று ரவுட்டர் இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது.